மதிய இடைவேளையில் மூச்சுப் பயிற்சி, இரவு பத்தே முக்காலுக்கு ரோஸ்டர்: மனிதவளத் துறையினருக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் ஷிஃப்ட் வேலை நடத்தும் நிறுவனங்களின் மனிதவள மேலாளர்களுக்கும், ரோஸ்டர் (யாருக்கு எந்த நாள், எந்த நேரம் வேலை என்ற அட்டவணை) போடும் மேலாளர்களுக்கும்,

அக்டோபர் 10, உலக மனநல தினம் நெருங்கினால் உங்கள் அறிவிப்புப் பலகையில் ஒரு சுவரொட்டி ஏறுகிறது. பச்சை இலை, தாமரை, கண்மூடி உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். அடியில், 'மன அழுத்த மேலாண்மை உரை, மதியம் 12 முதல் 1 வரை, அனைவரும் கட்டாயம் வரவும்.' அது சாப்பாட்டு நேரம். அதே வாரத்தில் தீபாவளிக்கு விடுப்புக் கேட்டவர்களுக்கு 'ஆள் பற்றாக்குறை' என்று பதில் போயிருக்கும்.

துப்புரவு, பாதுகாவல், கட்டடப் பராமரிப்பு, கப்பல் பட்டறை ஊழியர்களுக்குத் தமிழில் மனவுளைச்சலைச் சமாளிக்கக் கற்றுத்தரும் தொண்டூழியர்கள் நாங்கள். உரையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மூச்சுப் பயிற்சி பலன் தரும். நாங்களும் அதைத்தான் கற்றுத்தருகிறோம். ஆனால் நீங்கள் அதைத் தவறாகச் சொல்லித்தந்து, தவறான நேரத்தில் வைத்து, நாலு படம் எடுத்ததும் கடமை முடிந்ததென்று கோப்பை மூடிவிடுகிறீர்கள். இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் நேரம். வேலை நியமனச் சட்டத்தின் நான்காம் பகுதிக்குள் வருகிறவர்களை, அதாவது மாதம் 4,500 வெள்ளி வரை அடிப்படைச் சம்பளம் வாங்கும் உடலுழைப்பு ஊழியர்களையும் 2,600 வெள்ளி வரை வாங்கும் மற்றவர்களையும், இடைவேளை இல்லாமல் தொடர்ந்து 6 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. நிறுத்த முடியாத வேலை என்றால் 8 மணி நேரம் வரை போகலாம். அதிலும் சாப்பிட 45 நிமிடமாவது விட வேண்டும். காலை ஏழு மணிக்கு வேலையில் இறங்கியவரைப் பன்னிரண்டு மணிக்கு வெறும் வயிற்றோடு அறைக்குள் உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொன்னால், ஒன்று தூங்குவார், இல்லையென்றால் சோற்றை நினைப்பார். அந்த இடைவேளைதான் அவருக்கு அன்றைக்குக் கிடைக்கும் முதல் மருந்து. அதைப் பிடுங்கிக்கொண்டு மருந்தைப் பற்றி உரை நிகழ்த்துகிறீர்கள்.

அடுத்து, சுவரொட்டியின் தமிழ். 'மன அழுத்தம்' என்ற சொல்லைச் சிலர் அன்றாட மனவுளைச்சலுக்குச் சொல்கிறார்கள், சிலர் மனச்சோர்வு நோய்க்குச் சொல்கிறார்கள். 'உங்களுக்கு மன அழுத்தம் உள்ளதா?' என்று பலகையில் பார்க்கும் ஊழியர், 'எனக்கு மண்டைக்கோளாறு இருக்கான்னு கேக்கிறாங்க' என்று எடுத்துக்கொண்டு ஒதுங்கிப் போகிறார். வேலை அனுமதியில் இருப்பவருக்கு இந்தப் பயம் இரண்டு மடங்கு. ஆமாம் என்று சொன்னால் ஊருக்கு டிக்கெட் போட்டுவிடுவார்கள் என்று நினைக்கிறார். மக்கள் வாயில் வரும் சொற்கள் வேறு. டென்ஷன். மண்டை காயுது. நெஞ்சு படபடங்குது. படுத்தா தூக்கம் வரல. எதுக்குன்னே தெரியாம கோபம் வருது. இவற்றை அப்படியே எழுதுங்கள், ஆள் நின்று படிப்பார். சில சுவரொட்டிகளில் 'நினைவாற்றல் பயிற்சி' என்றுகூட வருகிறது. மைண்ட்ஃபுல்னெஸ், அதாவது இந்த நிமிடத்தில் நடப்பதைக் கவனிக்கும் பயிற்சி, என்பதைக் கணினி மொழிபெயர்ப்பில் போட்டு எடுத்த தமிழ் அது. ஞாபகசக்தியை வளர்க்கும் வகுப்பு என்று நினைத்து, 'பிள்ளை பிஎஸ்எல்இ எழுதுது, அதுக்கு ஆகுமா?' என்று கேட்பவர் மேல் என்ன பிழை?

இப்போது மூச்சு. 'ஆழமாக மூச்சை இழுங்கள்' என்று உரையாளர் தொடங்கும் அந்த இடத்திலேயே காரியம் கெடுகிறது. இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்றுக் கூடும், விடும்போது குறையும். வேகஸ் நரம்பு இதயத்தைத் தணிப்பது மூச்சை விடும் நேரத்தில்தான். ஆகவே நீள வேண்டியது வெளிமூச்சு. பதினைந்து பேர் ஒன்றாக உட்கார்ந்து நெஞ்சு நிறைய வேகவேகமாக இழுத்தால் உடம்பிலுள்ள கரியமில வாயு தேவைக்குமேல் வெளியேறிவிடும். தலை கிறுகிறுக்கும், விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போகும். ஏற்கெனவே படபடப்பு உள்ளவர் இதைக் கண்டு பயந்து இன்னும் வேகமாக இழுப்பார். 'எனக்கு இதெல்லாம் ஒத்துக்காது' என்று அதன்பிறகு அந்தப் பக்கமே வரமாட்டார்.

செய்யும் முறை இதுதான். இரண்டு பாதமும் தரையில் படும்படி உட்கார வேண்டும். ஒரு கை தொப்புளுக்கு மேல். மூக்கு வழியாக, மனத்துக்குள் நான்கு எண்ணிக்கொண்டு, வழக்கமான அளவுக்கே மூச்சை எடுக்க வேண்டும். நெஞ்சை விரிக்க வேண்டாம், கையின் கீழ் வயிறு மெல்ல எழும்பினால் போதும். பிறகு உதட்டைக் குவித்து, சுடச்சுட இருக்கும் தேத்தண்ணியை ஊதி ஆற்றுவதுபோல, ஆறு எண்ணும்வரை விட வேண்டும். ஒரு சுற்றுக்குப் பத்து வினாடி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு, ஐந்து நிமிடத்தில் முப்பது. நாலுக்கு ஆறு திணறினால் மூன்றுக்கு ஐந்தில் தொடங்கலாம். கணக்கைவிட, விடுவது இழுப்பதைவிட நீளமாக இருப்பதுதான் முக்கியம். நாலு எண்ணி இழுத்து, நாலு பிடித்து, நாலு விட்டு, மறுபடி நாலு பிடிக்கும் 'பெட்டி மூச்சு' சுவரொட்டிக்கு அழகான படம். ஆனால் ஆஸ்துமாக்காரர், கர்ப்பிணி, ஏற்கெனவே படபடப்பில் இருப்பவர் ஆகியோருக்கு மூச்சைப் பிடிக்கும் பயிற்சி வேண்டாம்.

இதை உரையில் ஒரே ஒருமுறை செய்துவிட்டு, 'டென்ஷன் வரும்போது செய்யுங்கள்' என்று சொல்லி அனுப்புவதால் பயனில்லை. வாடிக்கையாளர் முகத்துக்கு நேரே கத்தும்போது புதுப் பழக்கம் கைகொடுக்காது. தாகம் எடுத்தபின் கிணறு வெட்டும் கதைதான். மனம் அமைதியாக இருக்கும்போதே நாளுக்கு இரண்டு வேளை, இரண்டு வாரமாவது பழக வேண்டும். எம்ஆர்டியில் உட்கார இடம் கிடைத்தால் அங்கே, இல்லாவிட்டால் வேலைக்கு உடுப்பு மாற்றும் முன் லாக்கர் பக்கத்தில். கண் மூடியே ஆக வேண்டும் என்பதில்லை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் மூடவே கூடாது.

உங்கள் உரைகளில் நாங்கள் கேட்டே இராத ஒரு வாக்கியமும் உண்டு. நெஞ்சை அழுத்துவது போன்ற வலி, அதோடு இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் என்று வந்தால் அதை டென்ஷன் என்று நினைத்து மூச்சுப் பயிற்சியில் உட்காரக் கூடாது. உடனே 995க்கு அழைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். இதைச் சொல்லாத உரை ஆபத்தானது.

உடலுழைப்பு வேலை செய்பவர்களுக்கு மூச்சைவிடத் தசைத் தளர்த்தல் எளிதில் கைவரும். எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1920களில் வகுத்த முறை இது. கையை முஷ்டியாக்கி ஐந்து முதல் ஏழு வினாடி இறுக்கி, சட்டென்று விட்டுவிட்டு இருபது வினாடி அந்தத் தளர்ச்சியைக் கவனிப்பது. அடுத்து முழங்கை, தோள், முகம், வயிறு, தொடை, கடைசியில் கால். பலர் முழுப்பலத்தையும் போட்டு இறுக்குகிறார்கள். முக்கால் பலம் போதும். எட்டு மணி நேரம் நின்ற காலை அப்படி இறுக்கினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். அங்கே பாதி பலம், பாதத்தை முகம் நோக்கி மடக்கி. இறுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வது அடுத்த பிழை. ரத்த அழுத்தம் உள்ளவருக்கு அது கூடாது. தோளில் வலி உள்ளவர் தோளை விட்டுவிடலாம். முழுச் சுற்றுக்குச் சற்று நேரம் பிடிக்கும். நேரமில்லாதவர் கை, தோள், முகம் மூன்றோடு நிறுத்தினாலும் குறையொன்றும் இல்லை.

இரவில் படுத்ததும் ஊர்க் கடன், பிள்ளையின் பள்ளி, அம்மாவின் சர்க்கரை எல்லாம் வரிசைகட்டி நிற்பவருக்குக் காகிதம் உதவும். படுக்கப்போகும் நேரத்துக்கு இரண்டு மணி நேரமாவது முன்னால், தினமும் ஒரே வேளையில், பதினைந்து நிமிடம். தாளை நடுவில் மடித்து, இடப்பக்கம் தன்னால் ஏதாவது செய்ய முடிந்தவை, வலப்பக்கம் முடியாதவை. இடப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் எதிரே அடுத்து எடுக்கவேண்டிய ஓரடியை மட்டும் எழுத வேண்டும்: 'வெள்ளிக்கிழமை தம்பிக்கு ஃபோன்' என்பதுபோல. வலப்பக்கம் இருப்பதை எழுதி மூடிவிட்டு, நடுராத்திரியில் அது தலைதூக்கினால் 'நாளைக்கு உன் நேரம்' என்று ஒத்திப்போட வேண்டும். கைப்பேசியில் எழுதக் கூடாது. அதைத் திறந்தால் உங்கள் வாட்ஸ்அப் குழு வந்து நிற்கும்.

அந்த வலப்பக்கம் எதனால் நிரம்புகிறது என்பதுதான் உங்களோடு நாங்கள் பேச வந்த விஷயம். நாளைக்கு எத்தனை மணிக்கு வேலை, எந்த இடத்தில், எப்போது முடியும், ஓய்வுநாள் ஓய்வுநாளாகவே இருக்குமா. இவை நான்கும் ஊழியரின் கையில் இல்லை. உங்கள் கையில் இருக்கின்றன.

ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் 1979ல் முன்வைத்த கருத்து இத்துறையில் எல்லோருக்கும் தெரியும். வேலைப்பளு கூடுவது மட்டும் ஆளை நோகடிப்பதில்லை. பளு கூடி, அதை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் பிடியும் குறையும்போதுதான் ஆள் நொந்துபோகிறார். பிரிட்டிஷ் அரசாங்க ஊழியர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த வைட்ஹால் ஆய்வுகளிலும், வேலையில் பிடி குறைவாக உள்ளவர்களுக்கு இதய நோய் கூடுதலாக வந்தது தெரிந்தது. மேலதிகாரிகளுக்குத்தான் டென்ஷன் அதிகம் என்ற நம்பிக்கை அங்கே ஆட்டங்கண்டது. உங்கள் நிறுவனத்தில் அந்தப் பிடியை வைத்திருக்கும் காகிதத்தின் பெயர் ரோஸ்டர்.

இரவு 10.47. குழுவில் ஒரு செய்தி: 'நாளை காலை 6, துவாஸ் சைட். கன்ஃபர்ம் பண்ணுங்க.' காலை ஏழரைக்கு ஈசூனில் வேலை என்று நினைத்துப் படுத்தவர் இதைப் பார்த்தாரா இல்லையா என்று இரண்டு நீலக்குறி காட்டிக்கொடுத்துவிடும். ஈசூனிலிருந்து துவாஸுக்கு முதல் ரயிலைப் பிடித்தாலும் ஆறு மணிக்குப் போய்ச்சேர முடியாது. டாக்சிக் காசு யார் தருவது என்று கேட்கத் தயங்கி, நாலு மணிக்கு அலாரம் வைத்து, அலாரம் அடிக்காமல் போய்விடுமோ என்று ஒன்றரைக்கும் மூன்றுக்கும் விழித்துப் பார்க்கிறார். மறுநாள் முதல் கைப்பேசி தலையணைக்குப் பக்கத்தில். செய்தி வராத இரவுகளிலும் வரலாம் என்ற எதிர்பார்ப்பே தூக்கத்தை மேலோட்டமாக்கிவிடும். இவரை ஐந்து நிமிடம் மூச்சுவிடச் சொல்லலாம். 10.47 செய்தியை யாராவது மாலை ஐந்துக்கு அனுப்பியிருந்தால் அந்த ஐந்து நிமிடமே தேவைப்பட்டிருக்காது.

இரவு ஷிஃப்ட் இன்னொரு தனிக்கதை. நம் கோப்பிக் கடைக் கோப்பி பெரும்பாலும் ரொபஸ்டா கொட்டையில் போடுவது. அராபிக்காவைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கஃபைன் அதில் உண்டு. உள்ளே போனதில் பாதி கரைய ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். அதிகாலை நாலுக்கு ஒரு கோப்பி ஓ காவ் (பால் சேர்க்காத கெட்டிக் கோப்பி) குடித்தவர் ஒன்பதுக்கு வீட்டில் படுத்தால் பாதிக் கோப்பியோடு படுக்கிறார். ஷிஃப்ட்டின் முதல் பாதியோடு கோப்பியை நிறுத்திக்கொள்ள வேண்டும், பின்பாதிக்கு இருபது நிமிடக் குட்டித் தூக்கம். முப்பதைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழும்பி அரைமணி நேரம் தள்ளாட வேண்டியிருக்கும். இந்த அறிவுரையை எல்லோரும் தருகிறார்கள். அந்த இருபது நிமிடம் எங்கே படுப்பது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. படிக்கட்டுக்கு அடியில் அட்டைப்பெட்டியை விரித்துப் படுத்தவருக்கு எச்சரிக்கைக் கடிதம் போகிறது. பகலில் வீட்டில் தூங்கலாம் என்றால், வீவக அடுக்குமாடி வீடுகளில் சத்தமான புதுப்பிப்பு வேலைக்கு வார நாளில் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை அனுமதி; மேல்மாடியில் சுவர் இடிக்கும் நேரமும் இவர் தூங்கும் நேரமும் ஒன்று.

வெயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 அக்டோபரில் மனிதவள அமைச்சு கொண்டுவந்த விதிகளின்படி, வெளியில் கடினமான வேலை நடக்கும் இடங்களில் வெப்பமானி 32 டிகிரி காட்டினால் மணிக்கு 10 நிமிடம் ஓய்வு, 33 காட்டினால் 15 நிமிடம். (சாதாரண வெப்பநிலை இல்லை; ஈரப்பதம், வெயில், காற்று எல்லாம் சேர்த்து அளப்பது.) நிழல், குடிநீர், புதியவரைப் படிப்படியாகப் பழக்குவது எல்லாம் அதில் இருக்கின்றன. 'வெயிலை நேர்மறையாக எதிர்கொள்ளுங்கள்' என்று அங்கே யாரும் உரை நிகழ்த்துவதில்லை. அளக்கிறார்கள், வேலையை நிறுத்துகிறார்கள். மனவுளைச்சல் என்று வந்தால் மட்டும் ஏன் எல்லாமே ஊழியரின் மூக்கு வழியாகத் தீர வேண்டும்?

அளக்கவும் வழியிருக்கிறது. வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார மன்றத்தின் ஐவொர்க்ஹெல்த் என்ற இணையக் கேள்வித்தாள் கருவி 2021 முதல் நிறுவனங்களுக்கு இலவசம். தனியாள் விவரம் முதலாளிக்குப் போகாமல், உளைச்சல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று நிறுவனத்துக்குத் தொகுத்துக் காட்டும். 2020 நவம்பரில் வெளிவந்த வேலையிட மனநலத்துக்கான முத்தரப்பு ஆலோசனைக் குறிப்பு, வேலை நேரத்துக்குப் பிறகான தொடர்பைப் பற்றித் தெளிவான கொள்கை வகுக்கச் சொல்கிறது. இவற்றை விட்டுவிட்டு உரை முடிந்ததும் நீங்கள் நீட்டும் தாளில் பெயர், ஊழியர் எண், கீழே 'உங்கள் உளைச்சல் ஒன்று முதல் பத்து வரை எவ்வளவு?' பக்கத்தில் சூப்பர்வைசர் நின்று தாளை வாங்கிக்கொள்கிறார். வரிசையாக எல்லோரும் இரண்டு, மூன்று என்றுதான் எழுதுவார்கள். அந்த எண்களைக் கூட்டி வகுத்து மேலிடத்துக்கு 'நம் ஊழியர்கள் நலம்' என்று அனுப்பினால் ஏமாறுவது நீங்கள்தான்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

உரையை வேலை நேரத்துக்குள், சம்பளத்தோடு நடத்துங்கள். ஒரு மணி நேரத்தை ஒரே நாளில் கொட்டாமல், வாரம் ஒருமுறை இருபது நிமிடமாக நான்கு வாரம். ஒரு குழுவில் பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம். முதல் வாரம் மூச்சு, இரண்டாவது தசைத் தளர்த்தல், மூன்றாவது தாளும் தூக்கமும், நான்காவது முழுவதும் ஊழியர்கள் பேசவும் நீங்கள் குறித்துக்கொள்ளவும். தமிழ் பேசுபவர்களுக்குத் தமிழில், தமிழ் பேசும் ஒருவரே நடத்தட்டும். நடக்கும்போது படம் எடுக்காதீர்கள்.

சுவரொட்டித் தமிழை அச்சுக்கு அனுப்பும் முன், அதைப் படிக்கப்போகும் இரண்டு துப்புரவாளர்களிடம் காட்டுங்கள். அதே சுவரொட்டியில் 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணையும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் அழைக்க 1767 என்ற எஸ்ஓஎஸ் எண்ணையும் பெரிய எழுத்தில் போடுங்கள். இரண்டும் 24 மணி நேரமும் இயங்குபவை. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ சாப்பாடோ கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் பலதுறை மருந்தகத்தில் மருத்துவரைப் பார்க்கலாம் என்ற ஒரு வரியும் வேண்டும்.

ரோஸ்டர் பதினான்கு நாளுக்கு முன்னால் பலகைக்கு வரட்டும். மாலை ஏழுக்குப் பிறகு மறுநாள் மாற்றம் வேண்டுமானால் குழுவில் போடாமல் அந்த ஒருவரை அழைத்துக் கேளுங்கள். முடியாது என்றால் அது அவர் கணக்கில் எழுதப்படக் கூடாது. முதல் ரயிலுக்கு முன் வரச்சொன்னால் போக்குவரத்து உங்கள் செலவு. ஒரு ஷிஃப்ட் முடிந்து அடுத்தது தொடங்க 11 மணி நேரமாவது இடைவெளி. சுழற்சி காலை, மாலை, இரவு என்று முன்னோக்கியே போகட்டும். இரவிலிருந்து காலைக்குப் பின்னோக்கித் திருப்பினால் உடம்பு பழக இன்னும் அதிக நாள் பிடிக்கும். இரவு ஷிஃப்ட் தொடர்ந்து மூன்றுக்கு மேல் வேண்டாம்.

இரவு வேலை நடக்கும் ஒவ்வோர் இடத்திலும் சாய்ந்து படுக்க ஒரு நாற்காலியும், விளக்கை அணைக்கக்கூடிய ஒரு மூலையும், அங்கே இருபது நிமிடம் இருக்கலாம் என்ற எழுத்துபூர்வமான அனுமதியும் கொடுங்கள். மாற்றாள் இல்லாத ஒற்றைக் காவல் இடங்களில் இது கடினம் என்று தெரியும். அங்கே சுற்றிவரும் மேற்பார்வையாளர் அந்த இருபது நிமிடத்துக்கு இடத்தைப் பார்த்துக்கொள்ளட்டும்.

பெயர் போட்ட தாளைக் கைவிடுங்கள். ஐவொர்க்ஹெல்த் நடத்தி, முடிவு வந்த ஒரு மாதத்துக்குள் அதைப் பலகையில் ஒட்டி, அதில் எந்த ஒன்றை மாற்றப்போகிறீர்கள் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டம், மனநலப் பிரச்சினையைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்வதைத் தடுக்கும் சட்டம். அது நடப்புக்கு வரும்வரை காத்திருக்காமல், உளைச்சல் இருப்பதாகச் சொன்ன ஊழியரின் ஒப்பந்தப் புதுப்பிப்பை அந்தக் காரணத்துக்காக மறுக்கமாட்டோம் என்று ஊழியர் கையேட்டில் இப்போதே எழுதிவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்ய முடியாதென்றால் ரோஸ்டரில் தொடங்குங்கள். அடுத்த மாத ரோஸ்டர் எந்தத் தேதியில் பலகைக்கு வரும் என்பதை, தாமரைப் படத்துக்குப் பக்கத்தில், இந்த வாரமே எழுதி ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
வேலையிடங்களில் தமிழில் பயிற்சி நடத்தும் தொண்டூழியர்கள்
சிங்கப்பூர்